பால் குடித்த வீடு

ராவுத்தர் மிளகாய் வத்தல் விற்று நான் பார்த்ததே இல்லை. அவர் விற்றதெல்லாம் குதிரை.

அருப்புக்கோட்டை பஜாரில் அவருக்குக் கமிஷன் கடை. திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிகள் காட்டில் விளைந்த வத்தலை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். வெளியூர் வியாபாரிகள் வந்து விலை பேசுவார்கள். நடுவில் உட்கார்ந்து முடித்துவைப்பது ராவுத்தர் வேலை. வியாபாரி ஒரு வத்தலை எடுத்துக் கிள்ளுவார், மோந்து பார்ப்பார், ஒரு தும்மல் போடுவார், "காய்ச்சல் பத்தாதே" என்று இழுப்பார். அந்த நேரம் பார்த்து ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். தொப்பியைத் தொட்டார் என்றால் குதிரை வருகிறது என்று பஜாருக்கே தெரியும்.

"எங்க பூட்டனுக்குப் பூட்டன் அரபு நாட்டுல இருந்து நூறு குதிரையோட வந்து எறங்குனவுக. அரமனைக்குக் குதிரை கொடுத்த கை இது. பல்லைப் பிடிச்சுப் பாத்துத்தான் வாங்குவாக. ஒரு பல்லுலகூடக் கொறை கண்டதில்ல. நீங்க என்னடான்னா வத்தலைக் கிள்ளிப் பாக்குறீக. பாருங்க, நல்லாப் பாருங்க."

நூறு குதிரைகள் கனைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் கிலோவுக்கு நாலணா குறைக்கச் சொல்ல எந்த வியாபாரிக்கும் வாய் வராது.

எனக்குப் பக்கத்துக் கடை. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். 'லாரி புக்கிங் ஆபீஸ்' என்று வாசலில் ஒரு போர்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, லாரி எப்போது வரும் என்று தெரியாத நான். என்னிடம் லோடு போட வந்தவர்கள்கூட லாரி வரும்வரை ராவுத்தர் கடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே குதிரையாவது வந்தது.

கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. மனைவி சின்ன வயதிலேயே மவுத்தாகிவிட்டார். மகள் ஒருத்திதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சாக்குத் திரை தொங்கும். அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து டீயும் திருத்தமும் ஒன்றாக வரும்.

"அத்தா, போன வாரம் நூறு குதிரைன்னீக. இன்னிக்கு எப்பிடி முந்நூறு?"

"ஏம்மா, ஒரு வாரம் ஆகுதுல்ல. குட்டி போட்டிருக்காதா?"

"ஒரே வாரத்துலயா?"

"அரபுக் குதிரைம்மா அது."

குதிரைக்காரருக்கு அடுத்த தலைமுறை பொதிமாட்டில் உப்பு ஏற்றி மலைநாட்டுக்குப் போய் மிளகு ஏற்றி வந்தது. அதற்கு அடுத்தவர் பினாங்கில் கடை வைத்து, பஞ்சக் காலத்தில் ஊருக்கு ஒரு கப்பல் அரிசி அனுப்பினார். ரெட்டியபட்டிச் சம்சாரி எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த அரிசியில் ரெண்டு வண்டி ரெட்டியபட்டிக்குப் போயிருக்கும். காரியாபட்டிக்காரர் உட்கார்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். கடைசியாக ராவுத்தரின் தாத்தா, பஞ்சு வியாபாரத்தில் அத்தனையையும் பறிகொடுத்தார். யாராவது ஒருவர் பறிகொடுத்தால்தானே ராவுத்தர் பஜாரில் வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கதை வந்துசேரும்!

தன் வம்சத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரைக் கஞ்சன் என்று சொல்லலாம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கேட்காத எனக்கும் கொடுத்தார்.

எங்களுடையது ரெட்டியபட்டி வேதக்காரக் குடும்பம். எங்கள் வரலாறு தாத்தாவின் ஞானஸ்நானத்தில் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் இருட்டு. காரியாபட்டியிலிருந்து பெண்வீட்டார் வந்து என் ஆபீஸைப் பார்த்தார்கள். மேஜையைப் பார்த்தார்கள், நாற்காலியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மூன்றில் மேஜைதான் தேறும் என்ற முகத்தோடு எழுந்தார்கள். அப்போது ராவுத்தர் உள்ளே வந்தார். தொப்பியைத் தொட்டார்.

"இவுக பூட்டன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? மருதை வேதக் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவுக. சீமையில இருந்து கப்பல்ல வந்த மணி. எங்க பாட்டன்தான் கப்பல்ல எடம் கொடுத்தாக."

கல்யாணம் நடந்தது. இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிச்சத்தம் கேட்டால் என் மனைவி போர்வையை உருவுவாள். "உங்க பூட்டன் கூப்புடுறாக, எந்திரிங்க."

ஊரில் இன்னொரு பெரிய கொடையும் கொடுத்திருந்தார். பருத்தி அரைக்கிற மில்லும் கிட்டங்கிகளும் வத்தல் களமுமாக இருந்த குடும்பம் ஒன்று; ஊரே அதைப் 'பெரிய வீடு' என்று சொல்லும். மூன்று மகன்கள். நடு மகன் கல்யாணப் பத்திரிகையில் பரம்பரை பற்றி நாலு வரி போட வேண்டும் என்று ராவுத்தரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர்கள் தாத்தா தெருத்தெருவாக ஆட்டுத்தோல் வாங்கி விற்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ராவுத்தர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தன்னுடைய குதிரைகளில் பாதியை ஓட்டிக்கொண்டுபோய் அவர்கள் வாசலில் கட்டிவிட்டு வந்தார்.

அவரிடம் இருந்த கதைகளில் அவர் சோறு தின்றது ஒரு கதையால்தான். அது பால் கதை.

கையில் முதல் இல்லாமல் தரகுக்கு வந்த புதிதில் அவரை நம்பி யார் மூட்டை இறக்குவார்கள்? அப்போது சொல்ல ஆரம்பித்திருக்கிறார். "நான் யாருன்னு கேளுங்க. பெரிய வீட்டுப் பால் குடிச்சு வளந்தவன். எங்கம்மா பிரசவத்துல படுத்துட்டாக. பெரிய வீட்டம்மாதான், மூத்தவனுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம்." சம்சாரிகள் பெரிய வீட்டை நம்பி மூட்டையை இறக்கினார்கள். கதைக்கு வேர் பிடிக்க வேண்டுமே. பெருநாள் தொழுகை முடிந்ததும் நேராகப் பெரிய வீட்டுக்குப் போய் அந்த அம்மாவுக்கு சலாம் சொல்வார். முதல் வருஷங்களில் அந்த அம்மா சிரித்திருக்கலாம். பிறகு வேட்டி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் யார் யார் பிள்ளைக்கோ பால் கொடுத்தவர்தான். வயதாக ஆக அந்தப் பிள்ளைகளின் முகமெல்லாம் கலைந்துபோய், பெருநாள் தவறாமல் வந்து நின்ற முகம் மட்டும் தங்கிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் பெரிய வீட்டுக் கடைசி மகன் ராவுத்தர் கடைக்கு வத்தல் வாங்க வந்தார். அந்த வீட்டுக்கு வத்தல் தேவையென்றால் அவர்கள் களத்திலேயே மலைமாதிரி கிடக்கிறது. ஆனாலும் வந்தார். வாராவாரம் வந்தார். சாக்குத் திரையைப் பார்த்தமாதிரி உட்கார்ந்து, எல்லாக் குதிரைகளையும் பொறுமையாகக் கேட்பார். திரைக்குப் பின்னாலிருந்து திருத்தம் வரும்போது மட்டும் சிரிப்பார். மற்றவர்களுக்குப் புரிவதற்கு முன்னால் சிரிப்பார்.

"அந்தத் தம்பி வத்தலைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்குதே," என்றார் ராவுத்தர் ஒருநாள்.

"உங்க குதிரையப் பாக்க வாராரு அண்ணே," என்றேன்.

பெரிய வீட்டிலிருந்தே பெண் கேட்டு ஆள் வந்தது. கடைசி மகன் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். ராவுத்தர் வீட்டுக்கு வெள்ளையடித்தார், கடைக்கு வெள்ளையடித்தார், மிச்சத்தை என் ஆபீஸ் சுவரிலும் பூசினார். திரைக்குப் பின்னால் ஒரு வாரம் திருத்தமே வரவில்லை. அந்த வாரம் குதிரை ஐந்நூறைத் தாண்டியது.

பால் கதை யாருக்குமா ஞாபகம் வரவில்லை என்று கேட்பீர்கள். அது பொய் என்று நினைத்தவர்கள் அதை எதற்கு ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? சொன்னவருக்கு அது பொய் என்று தெரியும். அவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நிச்சயத்துக்கு அவர்கள் ராவுத்தர் வீட்டுக்கு வந்தார்கள். ஜமுக்காளத்தில் பெரிய வீட்டு மூத்த மகன், மாப்பிள்ளை, நாலைந்து சொந்தக்காரர்கள், பள்ளிவாசல் ஹஜ்ரத். பெரிய வீட்டம்மாவைக் காரில் அழைத்துவந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். என்னையும் ஓரமாக உட்காரச் சொல்லியிருந்தார் ராவுத்தர். மணி வாங்கிக் கொடுத்த வம்சமும் நம் பக்கம் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஹஜ்ரத் துஆ ஓதி முடித்தார். சர்க்கரைத் தட்டு வந்தது. ராவுத்தர் எழுந்துபோய்ப் பெரிய வீட்டம்மா முன்னால் குனிந்தார். அந்த அம்மா அவர் தலையைத் தடவிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"எம் பால் குடிச்ச புள்ளை. இவன் மகளே எனக்கு மருமகளா வாரா. அல்லா எப்பிடிக் கூட்டிவச்சிருக்கான் பாத்தீகளா."

ஹஜ்ரத்தின் கை சர்க்கரையோடு வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"என்னம்மா சொன்னீக?"

"ஆமாங்குறேன். மூத்தவனுக்கு ஒரு பக்கம், இவனுக்கு ஒரு பக்கம்."

அது ராவுத்தரின் வாசகம். ஒரு எழுத்துப் பிசகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது.

ஹஜ்ரத் சர்க்கரையைத் தட்டிலேயே போட்டார். "இவரு உங்க பால் குடிச்சிருந்தா உங்க புள்ளைகளுக்கு உடம்பொறந்தவரு. அப்ப இவரு மக உங்க கடைசி மகனுக்கு அண்ணன் மக. அவரு அந்தப் புள்ளைக்குச் சின்னத்தா, அத்தாவுக்குத் தம்பி. ஒரு சொட்டு உள்ள போயிருந்தாலும் இந்த நிக்காஹ் கூடாது. ராவுத்தரே, நெசமா?"

நான் ராவுத்தரைப் பார்த்தேன். கை தொப்பியை நோக்கிப் போனது. பாதி வழியில் இறங்கிவிட்டது.

"பொய்யி ஹஜ்ரத்து," என்றார். "எங்கம்மா பெரிய வீட்டுக் களத்துல வத்தலுக்குக் காம்பு கிள்ளுனவ. எங்கத்தா அதே களத்துல மூட்டை தூக்குனவரு. குதிரையும் இல்ல, கப்பலும் இல்ல. காம்பு கிள்ளுன கை எப்பிடி எரியும்னு தெரியுமா? கழுவுனாலும் போகாது. அந்தக் கை பட்டாப் பச்சப்புள்ள ஒடம்பு எரிஞ்சு கத்துவேன்னு, கைய ரெண்டையும் அந்தரத்துல தூக்கிக்கிட்டு, முழங்கையால அணைச்சுத்தான் எங்கம்மா எனக்குப் பால் கொடுத்தா. கூட வேலை பாத்த கெழவி சொல்லித்தான் எனக்கே தெரியும். வேற பால் நான் குடிக்கல. இந்த வீட்டுக் களத்துல எங்கம்மாவுக்கு ஒரு செம்பு மோரு ஊத்தக்கூட ஆளில்ல."

கடைசி வரியை விட்டிருக்கலாம். குதிரை ஓட்டிப் பழகிய வாய். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

பெரிய வீட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பாலைக் குடிச்சிட்டு இல்லைங்கிறியேடா. பெருநாளுக்குப் பெருநாள் வேட்டி எடுத்துக் கொடுத்தேனே, அது யாருக்குக் கொடுத்தேன்?"

"எங்கம்மாவப் பொய்க்காரிங்கிறீகளா?" என்றார் மூத்த மகன்.

"அவுக சொல்லல. நாந்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி அவுகளை நம்ப வச்சுட்டேன்."

"சத்தியம் பண்ணுவீகளா?" என்றார் ஹஜ்ரத்.

"இப்பவே பண்ணுறேன்."

ஹஜ்ரத் நல்ல மனுஷர். "நான் உங்களை நம்புறேன் ராவுத்தரே. ஆனா ஊரு கேக்கும். இத்தனை வருசமா ஒண்ணு சொன்னாரு, மக கல்யாணம்னதும் மாத்திச் சொல்றாரு, எது பொய்யின்னு கேக்கும். பால் விசயத்துல சந்தேகம்னு வந்துட்டா ஒதுங்கிக்கிறதுதான் மார்க்கத்துக்குப் பேணுதல்."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "ஹஜ்ரத், இவரு சொல்றது பூராவும் பொய்தான். எனக்கே ஒரு பூட்டனைக் கொடுத்திருக்காரு. மணியே கெடையாது. கர்த்தர்மேல ஆணையாச் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். மூத்த மகன் சிரிக்கவில்லை. "அப்ப நீங்களும் இவருக்குக் கூட்டா?" என்றார். பிறகு ராவுத்தர் பக்கம் திரும்பினார். "சரி, குடிக்கலைன்னே வச்சுக்கிருவோம். அப்ப எங்க களத்துல காம்பு கிள்ளுனவ பேத்தி எங்க வீட்டுக்கு மருமகளா வாரா. நாங்க அரமனைக்குக் குதிரை கொடுத்த வம்சம்."

"அதுக்கு மார்க்கத்துல தடையில்லைங்களே," என்றார் ஹஜ்ரத். அதற்குள் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள்.

மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை குனிந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். எல்லோரும் எழுந்து போகும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தார். அன்று கொடுத்த சாவிக்கு அந்தக் கடிகாரம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கார் போன பிறகு திரையை விலக்கிக்கொண்டு மகள் வந்தாள். அழுத முகமில்லை. சர்க்கரைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அத்தா, அந்த முழங்கைக் கதை நெசமா?"

"ஆமாம்மா."

"அதை ஏன் எங்கிட்ட ஒருநாளும் சொல்லல?"

ராவுத்தர் தொப்பியைக் கழற்றினார். "அதுல குதிரை இல்லையேம்மா," என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் மணி விஷயத்தைச் சொன்னேன். ஊரில் யாராவது சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது நல்லது அல்லவா? அவள் மாவு ஆட்டிக்கொண்டே, "அது கல்யாணத்தன்னைக்கே தெரியும். எங்கப்பா மட்டும் என்ன, கம்மாக்கரையில நாலு வயல் இருக்குன்னாரே, பாத்தீகளா?" என்றாள். எங்கள் பொய்களை எல்லோரும் பொய் என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டு சிரித்தார்கள். அந்த மனுஷர் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னார். அதை உண்மை என்று தெரிந்துகொண்டே தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு ராவுத்தர் வத்தல் விற்க ஆரம்பித்தார். அதில்தான் அவருக்குக் கைவராது என்று அப்போது தெரிந்தது. வியாபாரி குறைத்துக் கேட்டால் தலையாட்டுவார். பழைய சம்சாரி யாராவது, "என்ன ராவுத்தரே, குதிரையெல்லாம் எங்க?" என்று கேட்டால், "செத்துப்போச்சுப்பா" என்பார். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "நான் ஏத்திவிட்ட குதிரை தம்பி. அதுமேல உக்காந்துக்கிட்டுத்தான் என்னைய மேலயிருந்து கீழ பாக்குறாக."

பெண் கேட்டு வந்தவர்கள் இல்லாமலில்லை. ஒரு வீட்டார், பெரிய வீட்டோடு ஏதோ பால் வழக்காமே என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டார், காம்பு கிள்ளினவள் பேத்தியாமே என்று கேட்டார்கள். ராவுத்தர் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை. ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவர் பேசாமல் இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பிறகு யாரும் வரவில்லை. மகள் திரையைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தாள். காம்பு கிள்ளும் பெண்களோடு சேர்ந்து அவளும் கிள்ளினாள். நெற்றியில் விழுகிற முடியை முழங்கையால் ஒதுக்குவாள். அதைப் பார்த்தால் ராவுத்தர் எழுந்து என் ஆபீஸுக்கு வந்துவிடுவார். லாரி வரும் வழியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்.

பெருநாள் சலாமுக்கு அவர் போவதை நிறுத்தினார். பெரிய வீடு நிறுத்தவில்லை. வேட்டி ஆள்மூலம் வந்தது, பஜாரே பார்க்க வந்தது. சம்பந்தம் முறிந்தது பாலால்தான் என்று ஊருக்குக் காட்ட, ஒரு வேட்டிச் செலவில் ஓர் உறவு. அதை ஏன் விடுவார்கள்? ராவுத்தர் அதை அப்படியே சுமைதூக்குகிறவரிடம் கொடுத்துவிடுவார். கடைசி மகனுக்கு மதுரையில் பெண் எடுத்தார்கள். பெரிய வீட்டம்மா மவுத்தானபோது கார் அனுப்பினார்கள். பால் குடித்த மகன் வராமல் எப்படி என்றார்கள். போகாதீர்கள் என்று நான் சொன்னேன். ராவுத்தர் சட்டையை மாட்டிக்கொண்டே, "அந்தம்மா என்ன செஞ்சாக தம்பி? நான் சொன்னதை நெசமாலுமே நம்புன ஒரே ஆளு அவுகதான்," என்றார். போய், அந்த அம்மாவைக் கிடத்திய சந்தூக்கின் ஒரு மூலையைத் தோளில் வாங்கிக்கொண்டு கபர்ஸ்தான்வரை நடந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், வத்தல் சீசன் முடிந்த ஒரு வைகாசியில் ராவுத்தர் போனார். கடையில் உட்கார்ந்திருந்தபடியே சாய்ந்தார்.

பெரிய வீட்டிலிருந்து கார்கள் வந்தன. மூத்த மகன் வாசலில் நின்று, "எங்க பால் குடிச்ச சகோதரரு. முன்பக்கம் நாங்கதான் தூக்குவோம்," என்று எல்லோரிடமும் சொன்னார். ராவுத்தரின் மையத்தை அடக்கத்துக்கு எடுக்கும் முன்னால் வீட்டுப் பெண்கள் கடைசியாக முகம் பார்க்க வேண்டும், அன்னிய ஆண்கள் வெளியே போங்கள் என்று குரல் வந்தது. நான் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். மகள் தகப்பன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது.

கடைசி மகன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மீசையில் நரை. உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கினார். மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு முந்தானையைத் தேடினாள். பக்கத்தில் இருந்த பெரிய மனுஷி ஒருவர் அவள் கையைப் பிடித்தார்.

"அவுக அன்னியமாம்மா? உனக்குச் சின்னத்தாதானே. சின்னத்தா முன்னாடி முக்காடு எதுக்கு? வாங்க தம்பி, வந்து மொகத்தைப் பாருங்க."

அவர் ஒரு காலை எடுத்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தார்.

அவள் அந்தப் பெரிய மனுஷியின் கையை மெதுவாக விலக்கினாள். ஒரு கணம் தகப்பன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துத் தலையில் போட்டு, நெற்றிக்குக் கீழே, கண்ணுக்குக் கீழே, கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து வருகிற திருத்தம் எப்போதும் அவருக்குத்தான் முதலில் புரியும். உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டார். அன்னிய ஆண்கள் நிற்கிற இடத்துக்கு வந்து, என் பக்கத்தில் நின்றார்.